ஆடாத கை

பானுவைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம்தான். பாதிக் கோபம் அவள் புருஷன் சபரிமேல். மீதி, வாயைத் திறந்து ஒன்றும் கேட்காத அவள்மேல். இரண்டு பேருமே நல்லவர்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

நாங்கள் இருப்பது மராத்திக்காரர்கள் ஊரான மோஷியில், சாகண் போகிற பெரிய சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. என் வீட்டுக்காரர் ஆர்டினன்ஸ் ஃபாக்டரியில் ஓய்வு பெற்றதும் கட்கி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே ஃப்ளாட் வாங்கினோம். நான் பிறந்ததே கட்கியில்தான். என் பேச்சில் பாதி ஹிந்தி கலந்திருக்கும். எழுதும்போது மட்டும் ஒழுங்காக எழுதிவிடுவேன். எங்கள் தலைக்கு மேல் மாடியில் சபரியும் பானுவும் குடிவந்து ஏழெட்டு வருடம் ஆகிறது.

பானுவுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம். வந்த புதிதில் ஒரு சொல் ஹிந்தி தெரியாது. கறிவேப்பிலைக்கு இங்கே என்ன பெயர் என்று கேட்டுத்தான் முதன்முதலில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கடிபத்தா என்று சொன்னேன். "கடிக்கிற பத்தாங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். பானு சிரிப்பதைப் பார்க்க வேண்டும். வாய் மட்டும் சிரிக்காது, தோள், கை, வயிறு எல்லாம் சேர்ந்து குலுங்கும். கையில் டம்ளர் இருந்தால் காப்பி தரையில் சிந்திவிடும். என் வீட்டு சோபாவில் இன்னும் ஒரு கறை இருக்கிறது.

சபரி இதற்கு நேர் எதிர். சாகணில் கார் உதிரிபாகங்கள் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பாகத்தைத் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட வேண்டும், அதுதான் அவன் உத்தியோகம். குடி, சிகரெட் கிடையாது. போட்டதைச் சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமையானால் மாமியாருக்கு அவனே போன் போட்டு நலம் விசாரிப்பான். ஆனால் வீட்டில் பேச மாட்டான். "மூணு நாளைக்கு ஒரு வார்த்தைங்கக்கா. அதும் உப்பு எடுன்னு" என்பாள் பானு. சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் மட்டும் கை குலுங்காது.

கொரோனா முடிந்த அடுத்த வருடம் சபரிக்கு நட்சத்திரப் பைத்தியம் பிடித்தது. கேன்டீனில் யாரோ போனில் பால்வெளிப் படம் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். இது விண்கலத்திலிருந்து எடுத்தது இல்லை, நம்ம ஜுன்னர் பக்கம் ஒரு ஆள் சாதாரணக் கேமராவில் எடுத்தது என்றதும் இவனுக்குத் தூக்கம் போய்விட்டது. டெலஸ்கோப் விலையெல்லாம் விசாரித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். பிறகு போசரியில் கல்யாணப் படம் எடுக்கிற ஒருவரிடம், வேண்டாம் என்று மூலையில் போட்டிருந்த பழைய கேமராவையும் ஒரு சின்ன லென்ஸையும் வாங்கிவந்தான். கைப்பிடி ரப்பர் உரிந்து தொங்கியது. கூடவே கொடுத்த முக்காலிக்கு ஒரு கால் நிற்காது. சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டினான்.

கேமரா இருந்தால் மட்டும் போதாதாம். பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால், ஒரு நிமிஷம் கேமராவைத் திறந்து வைத்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுத்துக்கொண்டு விழும். அதனால் கேமராவும் நட்சத்திரத்தோடு மெல்லத் திரும்ப வேண்டும். அதற்கு மோட்டார் வைத்த கருவி கடையில் இருக்கிறது. அதன் விலையைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தான். எப்போதும் பேசாதவன்தான் என்பதால் பானுவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்தச் சமயம் நான் சமையலறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். கழற்றிப்போட்ட அலமாரிக் கதவுகளில் இரண்டை சபரி கேட்டு வாங்கிக்கொண்டு போனான். இரண்டு பலகையையும் ஒரு பக்கம் கீல் போட்டுச் சேர்த்தான். கீல் துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். மேல் பலகையில் கேமரா. கீழ்ப் பலகையிலிருந்து ஒரு நீளமான போல்ட் மேல் பலகையை முட்டிக்கொண்டு நிற்கும். போல்டை நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்று ஒரே சீராகத் திருகினால் பலகை புத்தகம் மாதிரி மெல்லத் திறக்கும், கேமரா நட்சத்திரத்தோடு போகும். திருகுவதற்கு வாகாக போல்டின் தலையில் ஒரு பழைய எவர்சில்வர் டப்பா மூடியைப் பொருத்தி, அதில் கடிகாரம் மாதிரி கோடு போட்டான். எல்லாம் சரிதான். ஆனால் ஒரு ஆள் உட்கார்ந்து அதைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். மொட்டை மாடியில் அவனே திருகிப் பார்த்தான். கேமராவைப் பார்க்கப் போனால் திருக மறந்துவிடும், திருகப் போனால் அவசரத்தில் இழுத்துவிடுவான். காயப்போட்ட துணியை எடுக்கப் போன பானு, "நவுருங்க" என்று சொல்லி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து மோட்டார் அவள்தான்.

அமாவாசையை ஒட்டி, அவனுக்குக் காலை ஷிஃப்டாக இருக்கிற நாளில், சாயங்காலமே ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார்கள். ராஜகுருநகர் தாண்டி பீமாசங்கர் போகிற பாதையில், சபரியோடு வேலை செய்கிற ஒரு மராத்திப் பையனின் சித்தப்பாவுக்கு வெங்காய வயல் இருந்தது. அங்கே மேட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். பானு பின்னால் உட்கார்ந்து கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிற அழகைப் பார்த்து, "அரே, இன்னா பானு, ஹனிமூனா?" என்று கேட்பேன். "வெங்காய வயல்லயாங்கக்கா!" என்று கத்திவிட்டுப் போவாள்.

குளிர் காலத்தில் லென்ஸின்மேல் பனி படிந்து படம் மங்கிப்போனது. அதற்கும் சூடாக்குகிற பட்டை ஒன்று விற்கிறார்களாம். பானு கல்லுப்பை வறுத்து சபரியின் பழைய காலுறையில் கட்டி லென்ஸைச் சுற்றி வைத்தாள், மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி. பனி படியவில்லை.

நான் சொல்லவந்தது கேமராவைப் பற்றி இல்லை. அந்த மேட்டில் அவர்கள் இரண்டு பேரும் பேசினார்கள், அதுதான் விஷயம். இருட்டு, செய்வதற்கு வேறு வேலை இல்லை, முகமும் தெரியாது. பானு ஒரு கோடு, இன்னொரு கோடு என்று மூடியைத் திருகிக்கொண்டே பேசுவாள், இவனும் பதில் சொல்வானாம். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரின் செருப்பைக் கிணற்றில் போட்ட கதையெல்லாம் அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. கல்யாணமான முதல் வருடம் ஒரு குழந்தை தங்காமல் போயிருந்தது. வீட்டுக்குள் அதைப் பற்றி இருவரும் மூச்சு விட்டதில்லை. அந்த மேட்டில் வைத்து ஒருநாள் சபரியே ஆரம்பித்து, அவனே அழுதானாம். "நானும் அழுதனுங்கக்கா. ஆனா கைய நிறுத்தலீங்க" என்றாள் என்னிடம். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன்.

அழும்போது ஆடாத கை, சிரிக்கும்போது ஆடிவிடும். செருப்புக் கதை மாதிரி எதையாவது அவன் சொல்ல, இவள் குலுங்க, பலகை குலுங்க, அந்த நிமிஷம் எடுத்த படத்தில் நட்சத்திரமெல்லாம் நெளிந்துகொண்டிருக்கும். சபரி அதற்குப் புழு என்று பெயர் வைத்தான். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் பார்க்கும்போது, "இன்னைக்கு எத்தன புழு?" என்று பானு கேட்பாள். நல்ல படங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தால்தான் கடைசியில் ஒரு தெளிவான படம் வருமாம். புழு விழுந்ததைச் சேர்க்கக் கூடாது. லேப்டாப்பில் இடம் இல்லை, தனியாக டிஸ்க் வாங்கவும் வசதியில்லை. அதனால் புழுக்களை அப்போதைக்கப்போதே அழித்துவிடுவான்.

இப்படியே விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஔந்தில் நட்சத்திரம் பார்க்கிறவர்களின் சங்கம் ஒன்று வருடா வருடம் படக் கண்காட்சி வைக்கிறது. அதற்கு ஓரியன் என்கிற நட்சத்திரக் கூட்டத்தை எடுத்து அனுப்ப வேண்டும் என்று சபரிக்கு ஆசை வந்தது. ஆசை வந்ததும் ஃபாக்டரிக்காரன் புத்தி எழுந்துகொண்டது. ஒரு புழு விழுந்தாலும் முகம் சுருங்கியது. கதை சொல்வதை நிறுத்தினான். அவள் ஏதாவது ஆரம்பித்தால், "பேசாத பானு, கை ஆடும்" என்றான். அவளும் பேசாமல் திருகினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க மேட்டில் கேமரா திறந்து மூடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

படம் அருமையாக வந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். கண்காட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பானு அரக்குக் கரை போட்ட மஞ்சள் புடவை கட்டிக்கொண்டாள். சுவரில் சபரியின் ஓரியன் பெரிதாகத் தொங்கியது. கீழே ஒரு அட்டை. இந்தப் படக்காரர்களுக்கு ஒரு வழக்கம், எந்தக் கருவியில் எப்படி எடுத்தோம் என்று ஒன்று விடாமல் போட வேண்டும். கேமரா எது, லென்ஸ் எது, எத்தனை நிமிஷம், எந்த சாஃப்ட்வேர், எல்லாம் இருந்தது. முக்காலியின் சைக்கிள் ட்யூப் இருந்தது. உப்புக் காலுறை இருந்தது. 'கையால் திருகும் பலகை, வீட்டில் செய்தது' என்றும் இருந்தது. திருகிய கை யாருடையது என்று மட்டும் இல்லை.

சங்கத்தை நடத்துகிற தேஜஸ்வினி மேடம் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, இவ்வளவு ஆடாமல் எடுத்திருக்கிறீர்களே, மோட்டார் எந்த மாடல் என்று ஹிந்தியில் கேட்டார். "மோட்டார் நஹீ மேடம். ஹோம் மேட்" என்றான் சபரி, முகமெல்லாம் பூரிப்பாக. மேடம் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பானு பக்கத்தில்தான் நின்றாள், அவனுடைய பையைப் பிடித்துக்கொண்டு. அந்தளவு ஹிந்தி அவளுக்கு அப்போது புரியும். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், இதோ சொல்லப்போகிறான் என்கிற மாதிரி. அவன் அடுத்த படத்தைக் காட்டப் போய்விட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் படிக்கட்டில் பிடித்துக் கேட்டேன். "காலுறை பேரு போட்ட, என் கிச்சன் பலகை பேரு போட்ட. பொண்டாட்டி பேரு போட இடம் இல்லியா உனக்கு?"

அவன் நிஜமாகவே புரியாமல் விழித்தான். "அக்கா, அது எக்விப்மெண்ட் லிஸ்டுங்க. அதுல ஆளுங்க பேரு போட மாட்டாங்க."

நான் மாடிப்படியிலேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தத் தீபாவளிக்கு போனஸ் வந்ததும், சங்கத்தில் ஒருவர் விற்ற பழைய மோட்டார் கருவியை வாங்கிவந்தான். பெட்டியை நேராக பானுவின் கையில் கொடுத்து, "இனிமே உனக்குக் கஷ்டமே இல்ல. குளிர்ல வந்து உக்கார வேண்டியதில்ல" என்றானாம். பாவி, அன்பாகத்தான் சொல்லியிருக்கிறான். அவள் கை வலிக்கிறதென்று ஒருமுறை சொன்னதை மனதில் வைத்துக்கொண்டுதான் வாங்கியிருக்கிறான். அவள் "செரிங்க" என்றாள். எனக்கு அந்தக் கஷ்டம்தான் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் கேட்டபோது, "அவருக்கா தோணோணுமுங்கக்கா. கேட்டு வாங்கறதுக்கு அது என்ன, சேலையா?" என்றாள்.

பிறகு அவன் சங்கத்து ஆட்களோடு காரில் போனான். அந்தக் காரில் கருவிகளுக்கே இடம் போதாது. படங்கள் இன்னும் நன்றாக வந்தன. வீட்டில் பழையபடி உப்பு எடு, கதவைச் சாத்து. பானு போசரியில் ஒரு ப்ளவுஸ் கடைக்குத் தைக்க ஆரம்பித்தாள், வீட்டிலும் ஒரு மெஷின் போட்டுக்கொண்டாள். ஹிந்தி நன்றாக வந்துவிட்டது, மராத்தியில் பேரம் பேசுகிறாள். என் வீட்டுக்கு வந்தால் டம்ளரில் காப்பி தளும்புவதில்லை. சோபா பத்திரமாக இருக்கிறது, எனக்குத்தான் வருத்தம்.

இந்த ஜனவரியில் சங்கத்துக்காரர்கள் சபரியைப் பேசக் கூப்பிட்டார்கள். கையில் காசில்லாதவர்கள் நட்சத்திரப் படம் எடுக்க எப்படித் தொடங்குவது என்று புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். பழைய கேமரா, ட்யூப் சுற்றிய முக்காலி, பலகை என்று எல்லாவற்றுக்கும் படம் தயார் செய்தான். திருகும்போது கை ஆடினால் என்ன ஆகும் என்று காட்டுவதற்கு ஒரு புழு வேண்டியிருந்தது. லேப்டாப் முழுக்கத் தேடினான். ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அவனே அழித்திருந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். பானு கடையிலிருந்து வந்திருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அக்கா, செருப்புக் கத சொன்னப்ப விழுந்த புழு ஒண்ணு இருந்துச்சுங்க. கெணத்துல விழுந்ததே வாத்தியார்னு நெனச்சு அவ சிரிச்சது. இன்னொண்ணு, அந்த வயல்ல நாய் வந்து உப்புக் காலுறையைத் தூக்கிட்டு ஓடினப்ப. ஒண்ணொண்ணா எல்லாம் ஞாபகம் வருதுங்க. அவ சிரிச்சதையெல்லாம் பாத்துப் பாத்து அழிச்சிருக்கேன். இப்ப எங்கிட்ட இருக்கறது பூரா அவ வாயே தொறக்காம உக்காந்த படம்."

அவன் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குத் திட்ட வாய் வரவில்லை. "என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவளாண்ட போய்ச் சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை பலகையைத் துடைத்து எடுத்துக்கொண்டு, பேச்சுக்கு ஒரு கெட்டுப்போன படம் வேண்டும் என்று சொல்லி அவளைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் மறுக்கவில்லை. கடையில் அரை நாள் லீவு சொன்னாள், உப்பு வறுத்தாள், சால்வை எடுத்துக்கொண்டாள். ஸ்கூட்டரில் இருவரும் போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கடவுளே, ஒன்றாவது ஆடட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது உண்மை.

மேட்டில் நடந்ததை சபரிதான் மறுநாள் காலை சொன்னான். இருட்டியதும் ஓரியன் கிழக்கே மேலே வந்துவிட்டது. பானு மூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் செருப்புக் கதையை மறுபடி சொன்னான். "ஆமாங்க, சொல்லியிருக்கறீங்க" என்றாள். நாய்க் கதையைச் சொன்னான். புன்னகைத்தாள் போலிருக்கிறது, இருட்டில் அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில், அத்தனை நாளாகச் சொல்லாததைச் சொன்னான்.

"பானு, அன்னிக்கு ஔந்துல அந்த மேடம் கேட்டப்ப, எம் பொண்டாட்டிதான் திருகினான்னு நான் சொல்லியிருக்கோணும்."

மூடி ஒவ்வொரு கோடாக நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு, கோபமே இல்லாமல், வழக்கமான குரலில் சொன்னாள்.

"பேசாதீங்க. கை ஆடும்."

வேண்டுமென்று சொன்னாளா, பழக்கத்தில் வந்துவிட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. நானும் பானுவிடம் கேட்டுப் பார்த்தேன். "நல்லாத்தான் இருந்துச்சுங்கக்கா. குளிருதான் கொஞ்சம் சாஸ்தி" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபரி என் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து முந்தின இரவு எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்காட்டினான். ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பான், உருண்டையாக இருக்கும். அடுத்தது. அதுவும் உருண்டை. எனக்குக் கண் வலித்தது, அவன் நிறுத்தவில்லை. ஃபாக்டரியில் இத்தனை வருடம் பழுதுக்காகப் பார்த்துப் பழகிய கண். ஒரு பழுதாவது கிடைக்காதா என்று கடைசிப் படம்வரை பார்த்தான்.

"ஒரு புழுகூட இல்லீங்கக்கா" என்றான்.

மேலே பானுவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சபரி லேப்டாப்பை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் எழுந்துபோய்க் காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன்.